நல்லது யார் கணக்கில்?

2021 மே 18ஆம் தேதி கேரளத்தில் மார்க்சிஸ்ட் கட்சி தன்னுடைய புதிய அமைச்சர்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் கே. கே. ஷைலஜாவின் பெயர் இல்லை. பதினாறு நாட்களுக்கு முன்புதான் அவர் மட்டனூர் தொகுதியில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். கேரள சட்டமன்றத் தேர்தலில் அதுவரை யாரும் வாங்காத வித்தியாசம். கோவிட்டின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மாதம் அது. அந்த மாதத்தில் ஒரே நாளில் 40,000 பேருக்கு மேல் தொற்று பதிவான நாட்கள் கேரளத்தில் உண்டு. அப்படி ஒரு நேரத்தில் சுகாதார அமைச்சரை மாற்றினார்கள். கட்சி சொன்ன காரணம் ஒரு வரிதான்: முந்தைய அமைச்சரவையில் இருந்த கட்சிக்காரர்களில் யாருக்கும் மறுபடி இடம் கிடையாது, எல்லாம் புதுமுகங்கள். விதிவிலக்கு ஒருவர் மட்டும். முதலமைச்சர் பினராயி விஜயன்.

அடுத்த இரண்டு நாட்கள் சமூக ஊடகங்களில் நடந்த சண்டை நினைவிருக்கலாம். "டீச்சரைத் திரும்பக் கொண்டுவாருங்கள்" என்று நடிகைகள் முதல் மருத்துவர்கள் வரை எழுதினார்கள். எதிர்த்தரப்பில், "கட்சியில் தனிநபர் என்று யாரும் கிடையாது" என்ற பதில். ஒரு பக்கம் அநீதி என்றது, இன்னொரு பக்கம் கொள்கை என்றது. எனக்கு அப்போதும் இப்போதும் இருக்கிற கேள்வி வேறு. ஒருவர் பதவியில் இருந்து செய்த நல்லது யாருக்குச் சொந்தம்? அவருக்கா, அவரை அங்கே உட்காரவைத்த கட்சிக்கா, கீழே வேலை செய்த ஆயிரக்கணக்கானவர்களுக்கா? இதற்குப் பதில் தெரியாமல் அநீதி நடந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

வேடசந்தூர்க்காரனுக்கு மலையாள மந்திரியைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். திண்டுக்கல் மாவட்டத்துக்கும் கேரளத்துக்கும் இருப்பது காய்கறி உறவு. ஒட்டன்சத்திரம் சந்தையில் ஏறுகிற முருங்கையும் தக்காளியும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இறங்குகின்றன. 2020இல் எங்கள் ஊர் டீக்கடைகளில் நம்மூர் அமைச்சர்களுக்கு இணையாக அடிபட்ட பெயர் 'அந்த டீச்சரம்மா'தான். முழுப்பெயர் பலருக்குத் தெரியாது. டீச்சர் என்பது தெரியும்.

அந்தப் பட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். வகுப்பறையிலிருந்து பட்டங்களைக் கடன் வாங்குவது நம் அரசியலுக்குப் புதிதில்லை. க. அன்பழகன் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் நடத்தியவர், ஆகவே கடைசிவரை பேராசிரியர். ஒரு நாளும் பள்ளியில் பாடம் எடுக்காத எம்ஜிஆர் ரசிகர்களுக்கு வாத்தியார். கேரளத்தில் இது இன்னும் சாதாரணம், கட்சிக் கூட்டங்களில் மாஸ்டர்களும் டீச்சர்களும் நிறைந்திருப்பார்கள். ஷைலஜா விஷயத்தில் இது வெறும் பட்டமில்லை. 1956இல் பிறந்தவர். கண்ணூர் மாவட்டம் சிவபுரம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கணவரும் ஆசிரியர். 1996இல் கூத்துப்பறம்பிலிருந்து முதன்முதலாக சட்டமன்றம் போனார். 2004இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முழுநேரக் கட்சி வேலைக்கு வந்தார். 2006இல் பேராவூரில் வெற்றி, 2011இல் அதே பேராவூரில் தோல்வி, 2016இல் மறுபடி கூத்துப்பறம்பு, அப்புறம் அமைச்சர். அம்மை கண்டவர்களை ஊரே ஒதுக்கிவைத்த காலத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போன தன் பாட்டியைப் பற்றி அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஊரெல்லாம் டீச்சர் என்று கூப்பிட்டாலும், 2023இல் வந்த தன்வரலாற்றுக்கு அவர் வைத்த பெயர் 'மை லைஃப் அஸ் எ காம்ரேட்'. தோழர் என்ற சொல்லைத்தான் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அதை மறந்துவிட்டு அவருக்காக நாம் கோபப்படுவதில் ஒரு அபத்தம் உண்டு.

ஆசிரியராக இருந்தவர் அமைச்சரானால் நல்லது என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. மாக்ஸ் வெபருக்கு அது கிடையாது. 1917இல் மியூனிக்கில் மாணவர்கள் முன்னால் பேசியபோது, ஆசிரியரிடம் தலைவனைத் தேடாதீர்கள் என்பதைக் கிட்டத்தட்ட ஒரு எச்சரிக்கையாகவே வைத்தார். அவர் சொன்ன காரணம் எளிமையானது. வகுப்பில் எதிரே இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள். எதிர்த்துப் பேச முடியாதவர்கள் முன்னால் பேசிப் பழகியவருக்கு, எதிர்த்துப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட அரசியலில் என்ன தகுதி இருக்கிறது? வெபர் மனதில் இருந்தவர்கள் ஜெர்மன் பேராசிரியர்கள். நம் பள்ளிக்கூடங்களைப் பார்த்திருந்தால் இன்னும் காட்டமாகப் பேசியிருப்பார். குடிமக்களை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாகப் பார்க்கிற தலைவர்கள் நமக்குக் குறைவில்லை, அவர்களில் பலர் வாத்தியார் வேலையே பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் வெபர் பார்க்காத ஒன்று உண்டு. கல்லூரி மேடையில் நின்று பேசிவிட்டு இறங்குவது ஒரு வேலை. பள்ளியில் அறிவியல் நடத்துவது முற்றிலும் வேறு வேலை. கடைசி பெஞ்சில் இருப்பவனுக்குப் புரிந்ததா என்று பார்த்தாக வேண்டும். புரியவில்லை என்றால் குறை உங்களுடையது. அதே விஷயத்தை வேறு மாதிரி சொல்ல வேண்டும். நிபா வந்தபோது பயன்பட்டது இந்த இரண்டாவது பழக்கம் என்றே நினைக்கிறேன்.

2018 மே மாதம். கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மரணங்கள். ஊரைக் காலி செய்துகொண்டு மக்கள் உறவினர் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். இறந்தவர்களின் உடலை எப்படி அடக்கம் செய்வது என்பதே பிரச்சினையானது. ஷைலஜா கோழிக்கோட்டில் இருந்துகொண்டு, பாதிக்கப்பட்ட ஊருக்கே போய், நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. நோயாளியுடன் யார் யார் இருந்தார்கள் என்று ஆள் ஆளாகத் தேடிப் பட்டியல் போட்டு, அவர்களைத் தனியாக இருக்கவைத்துக் கண்காணிப்பதுதான் ஒரே வழி. அந்த வழி பலிக்க வேண்டுமென்றால், பயந்துபோயிருக்கிற ஒருவர், "ஆமாம், நான் அந்த வார்டில் இருந்தேன்" என்று தானாக முன்வந்து சொல்ல வேண்டும். மிரட்டி வாங்க முடியாத தகவல் அது. 17 உயிர்களோடு அந்தப் பரவல் நின்றது.

சரி, அதை யார் நிறுத்தினார்கள்?

அதே குடும்பத்தில் இரண்டாவது நோயாளி வந்தபோது, இது சாதாரண மூளைக் காய்ச்சல் இல்லை என்று சந்தேகப்பட்டவர்கள் கோழிக்கோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டர் அனூப் குமாரும் அவருடைய குழுவும். மாதிரியைச் சோதித்து நிபா என்று சொன்னது மணிப்பால் ஆய்வகம், உறுதிப்படுத்தியது புனே தேசிய வைராலஜி நிறுவனம். நோயாளியைப் பார்த்துக்கொண்டு தொற்றி இறந்தவர் பேராம்பிரா தாலுகா மருத்துவமனை செவிலியர் லினி. கணவருக்கு அவர் எழுதிவைத்த கடைசிக் குறிப்பு கேரளத்தில் தெரியாத ஆள் கிடையாது. வீடு வீடாகப் போனவர்கள் ஆஷா பணியாளர்களும் சுகாதார ஆய்வாளர்களும். இவர்கள் எல்லாம் நிற்பதற்கு ஒரு தரை இருந்ததே, அது திருவிதாங்கூர் காலத்து அம்மைக் குத்தலில் தொடங்கி, பல அரசாங்கங்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கட்டிய ஆரம்ப சுகாதார நிலையங்களின் தரை. அந்த அரசாங்கங்களில் பாதி காங்கிரஸ் தலைமையிலானவை.

2019இல் ஆஷிக் அபு எடுத்த 'வைரஸ்' படம் இந்த விஷயத்தில் நேர்மையாக இருந்தது. ரேவதி அமைச்சராக வருகிறார். படத்தின் கதாநாயகி என்று அவரைச் சொல்ல முடியாது. கதாநாயகன் என்றும் யாரையும் சொல்ல முடியாது. சுமார் இருபது பேர் ஆளுக்குக் கொஞ்சம் கதையை நகர்த்துகிறார்கள். அமைச்சர் செய்வதெல்லாம் கேட்பதும், சரி செய்யுங்கள் என்று சொல்வதும்தான். யோசித்துப் பார்த்தால் அமைச்சர் வேலையே அதுதான். தனக்குத் தெரியாத விஷயத்தில், தெரிந்தவர் யாரென்று கண்டுபிடித்து, அவர் சொல்வதைக் கேட்டு, அதன் பழியைத் தான் ஏற்றுக்கொள்வது. திருக்குறளில் 'தெரிந்துவினையாடல்' என்று ஒரு அதிகாரமே இதற்கு இருக்கிறது. யாரால் முடியுமோ அவரைக் கண்டுபிடித்து வேலையை அவரிடம் விட்டுவிடு என்பதுதான் அதன் சாரம்.

ஆக கட்சி சொன்ன வாதம், "இது கூட்டு முயற்சி" என்பது, பொய் கிடையாது. உண்மைதான். 2022இல் மகசேசே விருது ஷைலஜாவுக்கு வருவதாக இருந்து, கட்சியோடு கலந்துபேசி அவர் மறுத்தபோதும் இதையே முதல் காரணமாகச் சொன்னார்கள். விருது தனிநபருக்கானது, வேலையோ எல்லோருடையது. கூடவே இன்னொரு காரணமும் இருந்தது. ரமோன் மகசேசே பிலிப்பைன்ஸில் ஹுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கியவர். ஒரு கம்யூனிஸ்ட் அந்தப் பெயரில் விருது வாங்கமாட்டேன் என்பதில் எனக்கு ஒரு சிக்கலும் தெரியவில்லை. அதை மட்டும் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிக்கல் முதல் காரணத்தில்தான். கூட்டு முயற்சி என்று ஒருவரிடமிருந்து எடுத்த பெயர் எங்கே போகிறது? கூட்டத்துக்கா போகிறது? 2020 மார்ச்வரை கோவிட் பற்றித் தினமும் பத்திரிகையாளர்களைச் சந்தித்தவர் ஷைலஜா. அதன்பிறகு மாலைச் சந்திப்பு முதலமைச்சருடையதாயிற்று, ஷைலஜா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நெருக்கடி பெரிதாகும்போது முதலமைச்சர் முன்னால் வருவது நியாயம்தான், பல துறைகள் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் 2021 தேர்தல் சுவரொட்டிகளில் கூட்டு முயற்சிக்கு ஒரு முகம் இருந்தது. அது லினியின் முகமோ ஆஷா பணியாளரின் முகமோ இல்லை. "யாரும் தவிர்க்க முடியாதவர் கிடையாது" என்ற விதி ஒருவரைத் தவிர எல்லோருக்கும் பொருந்தும் என்றால், அதன் பொருளே மாறிப்போகிறது. தவிர்க்க முடியாதவர் ஒருவர்தான், இன்னொருவர் வரக்கூடாது என்றாகிறது. கேரளத்தின் முதல் அமைச்சரவையிலேயே இருந்த கௌரி அம்மா, 101 வயதில், பட்டியல் வருவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் மே 11ஆம் தேதி இறந்திருந்தார். 1987இல் முதலமைச்சர் ஆவார் என்று மாநிலமே நம்பி, ஆகாமல் போனவர். பிறகு கட்சியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். இரண்டு செய்திகளையும் ஒரே வாரத்தில் படித்த பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. ஷைலஜாவுக்குப் பின் சுகாதாரத் துறைக்கு வந்த வீணா ஜார்ஜும் பெண்தான், முன்னாள் பத்திரிகையாளர். ஆகவே கணக்கு அவ்வளவு நேர்கோட்டில் போகாது. ஆனாலும் இருக்கிறது.

இதை எங்கள் ஊரில், அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது ஊரடங்கு, நான் வேடசந்தூரிலிருந்தே அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏப்பா, அந்தம்மாவ எடுத்துட்டாங்களாமே?"

"எல்லாரையுமே மாத்திட்டாங்க பெரியப்பா. புது ஆளுகளுக்கு வாய்ப்பு குடுக்கணும்கிறாங்க."

"பரீட்ச நேரத்துல வாத்தியார மாத்துன கத தான். எனக்கும் நடந்திருக்குல்ல. பத்தாவதுக்கு எட்டு மாசம் நான் நடத்துனேன். ஜனவரில மாறுதல் போட்டாங்க. மே மாசம் ரிசல்ட்டு. மூணு பயலுக சென்டம். பேப்பர்ல புதுசா வந்த சார் போட்டோ."

"வருத்தமா இல்லையா?"

"வருத்தம் இல்லாம இருக்குமா? இருந்துச்சு. ஆனா பயலுக பாஸ் பண்ணிட்டாங்கல்ல. அது என் பேர்ல இருந்தா என்ன, அவரு பேர்ல இருந்தா என்ன? அவரும் நல்ல மனுசன்தான்." கொஞ்ச நேரம் சும்மா இருந்தவர், "ஏன் மாத்துனோம்னு எழுதிக் குடுத்திருக்கலாம். நிர்வாக நலன் கருதின்னு மட்டும் போட்டிருந்துச்சு. யாரோட நலன்? அது மட்டும் இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்றார்.

ரிசல்ட் யார் பேரில் போனது என்பது அவருக்கு இருபது வருடத்தில் ஆறிப்போயிருக்கிறது. காரணம் சொல்லாதது ஆறவில்லை. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். நன்றாக வேலை செய்தவருக்கு அந்தப் பதவி சொந்தமா? கிடையாது. திருக்குறளிலேயே 'செய்ந்நன்றியறிதல்' தனி அதிகாரம், 'தெரிந்துவினையாடல்' தனி அதிகாரம். முன்னது இல்லறத்தில் வருகிறது, பின்னது அரசியலில். நன்றிக்கடனைப் பதவியாகக் கொடு என்று வள்ளுவர் எங்கும் சொல்லவில்லை. பதவியைக் கைம்மாறாகக் கொடுக்கத் தொடங்கினால் அது எங்கே முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

மக்களே இந்த வித்தியாசத்தைப் பல முறை காட்டியிருக்கிறார்கள், கொடூரமாகவே. இலங்கையில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா காலி ரிச்மண்ட் கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்து, பிறகு வழக்கறிஞராகி, 1931இல் கல்வி அமைச்சரானவர். பதினாறு வருடம் அந்தப் பதவியில் இருந்தார். 1943இல் வந்த அவருடைய குழுவின் அறிக்கைதான் 1945இல் இலவசக் கல்வியாக நடைமுறைக்கு வந்தது. மத்திய மகா வித்தியாலயங்கள் அவர் காலத்தவை. அங்கே படித்து மேலே வந்த தலைமுறைகள் அவரை இலவசக் கல்வியின் தந்தை என்கின்றன. இலவசக் கல்வி வந்த இரண்டே வருடத்தில், 1947 தேர்தலில், மத்துகமவில் அவரைத் தோற்கடித்தார்கள். அந்தத் தொகுதியில்தான் அவர் முதல் மத்திய பள்ளியைத் திறந்திருந்தார். இன்னொன்று: டொனமூர் அரசியலமைப்பில் அமைச்சர் என்பவர் ஒரு நிர்வாகக் குழுவின் தலைவர் மட்டுமே, முடிவுகள் குழுவுடையவை. ஆக அங்கேயும் கூட்டு முயற்சிதான். பெயர் என்னவோ ஒருவருக்கு நிலைத்தது. 1952இல் அகலவத்தையிலிருந்து ஜெயித்துத் திரும்பி வந்தார். அப்போது கொடுத்தது உள்ளாட்சித் துறை. கல்வி கிடைக்கவில்லை.

நம் பக்கம் காமராஜர். 1963 அக்டோபர் 2ஆம் தேதி முதலமைச்சர் பதவியைத் தானே விட்டு இறங்கிக் கட்சி வேலைக்குப் போனார். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சிக்கு வரவேண்டும் என்ற திட்டமே அவர் பெயரில்தான் இருக்கிறது. கேரளத்தில் சொன்ன அதே கொள்கை. ஒரே வித்தியாசம், திட்டத்தைச் சொன்னவர் முதல் ஆளாகத் தன்னுடைய நாற்காலியிலிருந்து எழுந்தார். இறங்குவதும் இறக்கப்படுவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். (1967இல் விருதுநகரில் காமராஜரையும் தோற்கடித்தார்கள். பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த எத்தனை பேர் அன்று எதிர்த்து ஓட்டுப் போட்டார்களோ. அதை நன்றிகெட்டதனம் என்று எனக்குச் சொல்ல வராது. ஓட்டு வேறு, நன்றி வேறு.)

ஆகவே ஷைலஜாவுக்குப் பதவி கொடுக்காதது அவருக்கு இழைத்த அநீதி என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாவது விஷயம் அப்படிக் கிடையாது. கணக்குச் சொல்வது.

என் தொழிலில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. ஒரு நிரலில் எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்டுவதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. இன்று எல்லோரும் பயன்படுத்துகிற 'கிட்'டில் அதற்குப் பெயர் 'பிளேம்', பழி. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த 'சப்வெர்ஷ'னில் அதே கட்டளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள். 'பிளேம்' என்றும் அடிக்கலாம், 'பிரெய்ஸ்' என்றும் அடிக்கலாம். எதை அடித்தாலும் திரையில் வருவது ஒரே பட்டியல். அதைச் செய்தவர்கள் நகைச்சுவைக்காகச் செய்திருக்கலாம். ஆனால் அதில் பெரிய உண்மை இருக்கிறது. புகழுக்கு ஒரு பதிவேடும் பழிக்கு ஒரு பதிவேடும் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியாது.

கூட்டு முயற்சி வாதத்தின் ஆபத்து இங்கேதான். புகழ் யாருக்கும் சொந்தமில்லை என்றால் பழியும் யாருக்கும் சொந்தமில்லை. கேரளத்தின் கோவிட் காலத்துக்குப் பழியும் உண்டு. மரணங்களைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று 2020லேயே மருத்துவர்கள் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021 இறுதியில், உச்ச நீதிமன்றம் இழப்பீடு பற்றித் தீர்ப்புச் சொன்ன பிறகு, பட்டியலில் சேராமல் விட்ட ஆயிரக்கணக்கான மரணங்களைச் சேர்த்தார்கள். பாதுகாப்புக் கவச உடைகளை அதிக விலைக்கு வாங்கியதாக 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் வைத்த அறிக்கையில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சொன்னார். எங்குமே கிடைக்காத நெருக்கடி நேரத்தில் வாங்கியது என்பது அரசுத் தரப்பின் பதில். இதில் யார் சொல்வது சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கவனிக்க வேண்டியது, இந்தக் கேள்விகள் வரும்போது யாரும் கூட்டு முயற்சி என்று சொல்வதில்லை. எதிர்க்கட்சி 'முன்னாள் அமைச்சர் ஷைலஜா' என்றுதான் சொல்கிறது. அவரும் நான்தான் முடிவெடுத்தேன் என்ற தொனியில்தான் பதில் சொல்லிவருகிறார். விருது வந்தபோது எல்லோருடையதாக இருந்த வேலை, தணிக்கை வந்தபோது டீச்சருடையதாகிவிட்டது.

ரசிகர்களும் இதே தவறைத் தலைகீழாகச் செய்தார்கள். அவர்களுக்குப் புகழ் முழுக்க டீச்சருடையது, மரணக் கணக்கு மட்டும் அமைப்பின் கோளாறு. 2020 ஜூனில் காங்கிரஸ் தலைவர் ஒருவர் அவரை 'நிபா ராஜகுமாரி', 'கோவிட் ராணி' என்று கேலி செய்தார், பெரிய கண்டனம் எழுந்தது. திட்டுகிறவரும் சரி, கொண்டாடுகிறவரும் சரி, ஒரு அமைச்சரைக் கிரீடம் இல்லாமல் பார்க்கமாட்டேன் என்கிறார்கள்.

அறிவியல் வாத்தியார்கள் ஒரு பழக்கம் வைத்திருப்பார்கள். விடை சரியாக இருந்தாலும் செய்முறையை எழுதாவிட்டால் முழு மதிப்பெண் கிடையாது. எங்கிருந்து தொடங்கினாய், எந்த வாய்ப்பாட்டைப் பயன்படுத்தினாய், எங்கே மாற்றினாய் என்று வரிவரியாகக் காட்ட வேண்டும். கட்சி விடையை மட்டும் எழுதியது: புதுமுகங்கள். தொற்று உச்சத்தில் இருக்கும்போது துறையை மாற்றினால் என்ன ஆபத்து என்று யோசித்தார்களா? யோசித்து, அதைவிடப் பெரிய நன்மை எதைக் கண்டார்கள்? முதலமைச்சருக்கு மட்டும் ஏன் விலக்கு? இதற்கெல்லாம் நல்ல பதில்கள் இருந்திருக்கலாம். நிர்வாகம் தொடர்ந்து நடக்க ஒருவர் இருக்க வேண்டும் என்பது ஒரு பதில்தான். ஆனால் நிர்வாகத் தொடர்ச்சி வேண்டும் என்றால் அந்த மே மாதத்தில் எந்தத் துறைக்கு அது முதலில் வேண்டும் என்ற அடுத்த கேள்வி உடனே வரும். அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

இந்தக் கணக்கு ஷைலஜாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கட்சியின் மத்தியக் குழு உறுப்பினர், உள்ளே பேசிக்கொள்வார்கள். வெளியில் அவர் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. கட்சி முடிவு, எனக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் வாய்ப்பு வந்தது என்று சொன்னார். அதை நான் நம்புகிறேன். கணக்குச் சொல்லியிருக்க வேண்டியது மட்டனூரில் அந்த 60,963 வித்தியாசத்தைக் கொடுத்தவர்களுக்கும், நான் அந்த வார்டில் இருந்தேன் என்று தானாக முன்வந்து சொன்ன பேராம்பிராக்காரர்களுக்கும். அவர்கள் ஒரு அமைச்சரை நம்பியது, அவர் தங்களுக்குக் காரணம் சொல்லுவார் என்பதால். கட்சிக்கு அவர்கள் கொடுத்த அதே நம்பிக்கைக்குக் கட்சி திருப்பிக் கொடுத்தது ஒரு சுற்றறிக்கை வரி. என் பெரியப்பாவுக்கு வந்த தாளில் இருந்த மாதிரியே.

அமைச்சர் பதவிக்குப் பதிலாக ஷைலஜாவுக்கு அந்த மே மாதம் கிடைத்தது சட்டமன்றக் கட்சிக் கொறடா பொறுப்பு. முக்கியமான வாக்கெடுப்பு நாட்களில் தன் கட்சி உறுப்பினர்கள் எல்லோரும் அவையில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிற வேலை. 2024இல் வடகரை மக்களவைத் தொகுதியில் நிறுத்தினார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். தோல்விக்கு யார் பொறுப்பு என்று கட்சி பெரிதாக விளக்கவில்லை.